ஒரு படி தவிடு

ஜூன் 9

ஆபீசர் ஆகிவிட்டேன். காலையில் பட்டியல் வந்தது. மேனேஜர் என் பெயரை உரக்க வாசித்தார். நகைக்கடன் வரிசையில் நின்ற அம்மாக்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் கேஷ் கூண்டுக்குள் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்த கதிரேசன் இனி மேஜை நாற்காலி உள்ள கதிரேசன்.

மகிழினிக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். "ஆபீசர்னா போலீஸாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். ஐந்து வயதுக்கு அந்த விளக்கம் போதும்.

ரேணுகா படத்துக்கு முன்னால் ஒரு துண்டு வைத்தேன். அவள் போய் இரண்டு வருடமாகிறது. அவளிடம் சொல்வதற்கு ஒரு நல்ல சேதி இன்றுதான் கிடைத்தது.

ஜூன் 11

மும்பை.

ஜூன் 12

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. கிளார்க்காகவே இருந்தால் ஆயுசுக்கும் கோவில்பட்டியை விட்டு நகர வேண்டாம். ஆபீசரானால் முதல் போஸ்டிங் எங்கோ ஒரு மூலையில்தான். தெரிந்துதான் பரீட்சை எழுதினேன். ஆனாலும் மதுரை போடுவான், மிஞ்சினால் சென்னை போடுவான் என்று மனசு ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டிருந்தது.

மாதக் கடைசிக்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அப்புறம் மூன்று வருடம் அந்தப் பரீட்சைப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. எனக்கு இப்போதே நாற்பது.

மும்பையில் இருக்கும் ஜெயசீலனிடம் பேசினேன். இதே கிளையில் என்னோடு வேலை பார்த்துவிட்டுப் போனவன்.

"வாடகையைக் கேட்டு மயங்கி விழுந்துராதீங்க அண்ணாச்சி. நம்ம ஊர்ல ஒரு வீட்டுக்குக் குடுக்கத இங்க ஒரு சன்னலுக்குக் கேப்பான்."

"பாப்பாவை என்ன செய்யன்னுதான் யோசிக்கேன்."

"கூட்டிட்டு வாங்க. செம்பூர்ல நம்மூரு டீச்சரம்மா ஒருத்தங்க வேலைக்குப் போறவங்க பிள்ளைகளைப் பாத்துக்கிடுதாங்க. பள்ளிக்கூடத்துல இருந்து அவங்களே கூட்டியாந்துருவாங்க. கையில ஒண்ணும் நிக்காது, அது உள்ளதுதான். ஆனா பிள்ளை உங்ககூட இருக்கும்லா?"

ஜூன் 14

அக்காவிடம் சொல்லிவிட்டேன். செண்பகம் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பரமசிவம் அத்தானுக்கு டயர் கடை. பிள்ளை இல்லை. ரேணுகா போன நாளிலிருந்து மகிழினியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, சோறு ஊட்டி, நான் பேங்கிலிருந்து வரும்வரை வைத்திருப்பவள் அவள்தான். அக்கா இல்லையென்றால் நான் என்றைக்கோ தெருவில் நின்றிருப்பேன்.

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "போயிட்டு வால. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சும்மா கிடந்த அறைக்கு ரோஸ் கலரில் பெயிண்ட் அடித்திருக்கிறது. சின்னக் கட்டில், அதற்கு அளவாகச் சின்ன மெத்தை.

"சுவர் ஊறிப்போச்சுல்ல, அதான் அடிச்சோம்" என்றாள்.

பெயிண்ட் வாசனையே இல்லை. அடித்து ரொம்ப நாள் இருக்கும். எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிறவள் எங்கள் அக்கா.

அத்தான் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏன், மும்பையில பள்ளிக்கூடம் இல்லையாக்கும்?" என்றார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் டம்ளருக்குள் போய்விட்டார். அத்தானுக்குக் கொஞ்சம் இறுகிய கை. ஒரு பிள்ளையின் செலவு தன் தலையில் விழுமே என்ற கவலை.

ஜூன் 17

மாவு புளித்துவிட்டது. சிலிண்டர் வரவில்லை. மகிழினிக்குச் சடை போட்டேன். ஒற்றைச் சடை இப்போது ஓரளவு வருகிறது. இரட்டைச் சடை போட்டால் ஒன்று வடக்கே போகிறது, ஒன்று தெற்கே போகிறது.

"பாப்பா, ரயில்ல ரொம்பத் தூரம் போயி அங்கேயே இருப்பமா?"

"அத்தையும் வருவாங்களா?"

"இல்ல. நீயும் நானும் மட்டும்."

"அப்ப எனக்கு யாரு சடை போடுவா?"

"நான்தான்."

கண்ணாடியில் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரிப்பா. ஒத்தச் சடை போதும்" என்றாள்.

வேலைக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

ஜூன் 20

கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன். சம்பளம் முழுக்க வாடகைக்குப் போனால் போகட்டும். அந்த நாற்காலி எனக்கு வேண்டும், பிள்ளையும் எனக்கு வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம்.

அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். நான் போதும் போதும் என்ற பிறகும் சாம்பார் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிறைந்து தரையில் வழிந்தது.

ஜூன் 23

அக்கா கழுகுமலைக்குப் போய் ஜோசியரைப் பார்த்து வந்திருக்கிறாள். என் ஜாதகம், மகிழினி ஜாதகம் இரண்டும் அவளிடம்தான் இருக்கின்றன.

"பிள்ளைக்கு உன் ஜாதகம் ஆகாதாம்ல. அதுவும் ஊரு தாண்டிப் போற நேரம் இல்லையாம். ரேணுகாவுக்கும் இப்படித்தான் இருந்துருக்கு. அப்பவே பாத்துருந்தா..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ரேணுகாவைக் கொண்டுபோன டெங்கு காய்ச்சலுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. ஆனால் சாயங்காலம் மகிழினி ஒரு தடவை இருமினாள். அதிலிருந்து அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

பரிகாரமும் அக்காவே கேட்டு வந்துவிட்டாள். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது. எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். பெற்றவர்கள் ராசி சரியில்லை என்றால், கோயிலில் வைத்துப் பிள்ளையை இன்னொருவருக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். கெட்ட நேரம் தேடி வந்தால், 'அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லையே' என்று திரும்பிப் போய்விடுமாம். மூன்றாம் நாள் அதே சாமி முன்னால் பெற்றவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். என் தாத்தாவின் தம்பிக்குத் தவிட்டுராசு என்றே பெயர்.

"வாங்குறதுக்கு ஆளு?" என்றேன்.

"நான் இருக்கேன்லா" என்றாள் அக்கா.

மூன்று நாள்தானே. அக்கா மனசும் ஆறும். விதியையே ஏமாற்றுகிற வியாபாரம், பேங்க்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஜூன் 29

மும்பைக்குச் சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். ஜூலை 19 வண்டிக்கு எனக்கு ஒரு டிக்கெட், மகிழினிக்கு அரை டிக்கெட். ஜெயசீலன் அறை பார்த்துவிட்டான். செம்பூர் டீச்சரம்மா மகிழினியோடு போனில் பேசினார்கள். "எனக்கு நூறு வரைக்கும் தெரியும், ஆனா நடுவுல மறந்துரும்" என்று இவள் சொல்ல, அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. நல்ல மனுஷியாகத்தான் தெரிகிறார்கள்.

ஜூலை 5

விற்றாயிற்று.

ஊருக்கு வெளியே உள்ள அம்மன் கோயில். மகிழினிக்குப் பட்டுப்பாவாடை. அது அக்கா எடுத்தது. பூசாரி என்னைப் பார்த்து, "குடுத்தியா?" என்றார். "குடுத்தேன்." அக்காவைப் பார்த்து, "வாங்குனியா?" என்றார். "வாங்குனேன்." அக்கா சொன்னது கோயில் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு படி தவிட்டை என் துண்டில் கொட்டினாள்.

"வாங்குனவுக புதுப் பேரு வைக்கணும்" என்றார் பூசாரி.

"சண்முகப்பிரியா" என்றாள் அக்கா.

யோசிக்கவே இல்லை. அத்தான் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்கு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஒன்று உண்டாகிக் கலைந்துபோனது. அந்த நாளில் இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆசைப்பட்ட பெயர், மூன்று நாளாவது கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

தவிட்டைக் கோயில் மாட்டுக்கு வைத்தேன். நின்ற நிலையில் நக்கித் தின்றுவிட்டது.

எங்கள் தெரு முனையில் மகிழினி வழக்கம்போல என் விரலைப் பிடித்தாள். அக்கா பிரித்து எடுத்தாள். "இல்லம்மா, நீ இப்ப அந்த வீட்டுக்குப் போகக் கூடாது."

"அப்பா, நெசமாவே என்னை வித்துட்டீங்களா?"

"சும்மா விளையாட்டும்மா. மூணு நாள்தான்."

"விளையாட்டுன்னா ஏன் அத்தை அழுறாங்க?"

அக்கா அழுததை நான் கவனிக்கவில்லை.

ஜூலை 8

திரும்ப வாங்க வேண்டிய நாள். தவிடுகூட வாங்கி வைத்துவிட்டேன். காலையிலேயே அக்காவின் போன். எட்டயபுரத்தில் அத்தானின் பங்காளி ஒருவர் தவறிவிட்டாராம். தீட்டு. பதினாறு முடிகிறவரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது.

துக்கம் கேட்கலாமென்று டயர் கடைக்குப் போனேன். அத்தான் எட்டயபுரம் போகவில்லை. கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"அவனுக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறுல பேச்சு நின்னு இருபது வருஷம் ஆச்சு. செத்தா சேதி சொல்லக் கூடாதுன்னு சொன்னவன். ஒங்க அக்கா தீட்டுங்கா. நான் என்ன சொல்ல?" என்றார்.

பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்காளி பங்காளிதான். தீட்டு தீட்டுதான்.

பேங்கில் காலண்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தீட்டு கழிவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் இந்தக் காரியமெல்லாம் செய்ய மாட்டார்கள். ஆவணிதான். நடுவில் என் ரயில். தினமும் முதல் வேலையாகத் தேதி கிழிக்கிறவன் நான். ஆடி வருவதைப் பார்க்காமல் பிள்ளையை விற்றிருக்கிறேன்.

ஜூலை 11

வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அது இத்தனை நாளாகச் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சாஸ்திரம் கெட்டால் கெடட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். மகிழினியை மடியில் வைத்து இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். வகிடு நூல் பிடித்ததுபோல இருந்தது. தலை நிமிராமலே சொன்னாள்:

"திருப்பி வாங்காத பிள்ளையைத் தூக்கிட்டுப் போயி, வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாருல பொறுப்பு? அன்னைக்கு ரேணுகாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நான்தான். நீ பேங்க்ல இருந்த."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூலை 14

யோசித்துப் பார்த்தால் இதுதான் சரி. முதலில் நான் போய் வீட்டை ஒழுங்கு செய்கிறேன். ஆவணி பிறந்ததும் வந்து, சாமி முன்னால் முறையாக வாங்கிக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு மாதம்தானே! அரை டிக்கெட்டை ரத்து செய்தேன். செம்பூர் அம்மாளிடமும் சொல்லிவிட்டேன். "ஆவணின்னா பள்ளிக்கூடத்துல இடம் இருக்குமான்னு தெரியலையே தம்பி" என்றார்கள்.

ரத்து செய்ததும் ஒரு நிம்மதி வந்தது. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? காலையில் சடை, டிபன், ஓட்டம், காய்ச்சல் என்றால் லீவு என்று எதுவும் இல்லாமல் ஒரு மாதம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிம்மதிதான்.

ஜூலை 19

ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

ஸ்டேஷனுக்கு அத்தான் மட்டும் வந்தார். பிள்ளை அழும் என்று அக்கா அழைத்து வரவில்லை. நான் காலையில் போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றாள் அக்கா.

பிளாட்பாரத்தில் அத்தான் என் பையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதிரேசா, வண்டி வர இன்னும் நேரம் கெடக்கு. நான் போயி பிள்ளையை பைக்ல தூக்கிட்டு வந்துருதேன். கூட்டிட்டுப் போயிரு."

"டிக்கெட் இல்லையே அத்தான்."

"டிக்கெட்டு கெடக்கட்டும். அபராதம் கட்டிக்கிடலாம். நான் தாரேன்."

"ஆவணியில வாரேன்லா?"

தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க அக்கா இந்த ரெண்டு வாரமா சிரிச்சுக்கிட்டே இருக்கா. கட்டுன நாள்ல இருந்து நான் அவளை இப்படிப் பாத்ததில்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பாவம், செலவை நினைத்துத்தான் இப்படியெல்லாம் பேசுகிறார். மாதாமாதம் அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன். அவர் பையைக் கொடுத்துவிட்டு, வண்டி வருவதற்கு முன்பே போய்விட்டார்.

ஜூலை 27

மழை. சட்டை காய மறுக்கிறது. அறையில் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிறது. மேஜை கிடைத்திருக்கிறது, நாற்காலியும் கிடைத்திருக்கிறது. பேர்ப்பலகை அடுத்த வாரம் வருமாம். சுற்றி எல்லோரும் இந்தியில் பேசும்போது சிரிக்க வேண்டிய இடம் எது என்று ஜெயசீலன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

தினமும் சாயங்காலம் போன். "அப்பா, இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்பாள். அதற்காகவே ஏதாவது பார்த்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3

போன் செய்தேன். தூங்குகிறாளாம்.

ஆகஸ்ட் 4

டியூஷன் போயிருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 9

வீடியோவில் வந்தாள். அக்கா பக்கத்தில் மொட்டைத் தலையோடு யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்தபோதுதான் அது மகிழினி என்று தெரிந்தது.

"திருச்செந்தூர்ல நேர்ந்துக்கிட்டேன்ல. போன வாரம் போட்டுட்டு வந்தோம்" என்றாள் அக்கா. "முடி புதுசா மொளைக்கட்டும்."

என்னிடம் கேட்டிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே போன் போட்டேன்.

"அக்கா, திரும்ப வாங்கணும்லா? எப்ப வரட்டும்?"

"வாங்கலாம் வாங்கலாம். அதுக்கு என்ன அவசரம்? மொதல்ல பிள்ளைக்குக் காது குத்துவோம். அஞ்சு வயசு முடியப் போகுதுல்ல. நாள் பாத்தாச்சு, அடுத்த மாசம் ஏழாம் தேதி. உன் மடியிலதான் வச்சுக் குத்தணும். நீ வராம நடக்காது."

என் மடி என்றதும் மனசு நிறைந்துவிட்டது. எனக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறாளே! மத்தியானம் சாப்பிடும்போது ஜெயசீலனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"உங்க மடியிலயா? தாய்மாமன் மடியிலல்லா வைப்பாங்க அண்ணாச்சி?"

ரேணுகாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அதனால்தான் அக்கா என்னைச் சொல்லியிருப்பாள் என்றேன். அவன் அதன் பிறகு ஊறுகாயைப் பற்றிப் பேசினான்.

ஆகஸ்ட் 24

இன்று அவளே போனை எடுத்தாள்.

"மாமா, சாப்டீங்களா?"

அத்தான் என்று நினைத்துவிட்டாள் போல. "யாரு மாமா? நான் அப்பாம்மா" என்றேன்.

"நீங்கதான் மாமா. அம்மாவோட தம்பி மாமாதானே? அம்மா சொல்லித் தந்தாங்க." பின்னால் பார்த்து, "சரிதானம்மா?" என்று கேட்டாள். அக்காவின் குரல், "சரிதான் பிரியா" என்றது.

கணக்கில் பிழை இல்லை. அக்கா அம்மா என்றால் நான் மாமாதான்.

"மாமா, எனக்குச் செவப்புக் கல்லு கம்மல் வேணும். மாமாதான் வாங்கித் தரணுமாம்."

வாங்கி வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 26

உடனே கிளம்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். தூக்கி வந்து எங்கே விடுவது? செம்பூர் அம்மாள் இடமில்லை என்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். கண்டபடி திட்ட வேண்டும் என்று அக்காவின் நம்பரை எடுத்தேன். ரேணுகாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். வைத்துவிட்டேன்.

பேர்ப்பலகை வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28

லீவு கேட்கப் போனேன். எங்கள் மேனேஜர் தேஷ்முக் மேடம் நல்ல மாதிரி. வீட்டு விசேஷம் என்றால் முகம் சுளிக்க மாட்டார். ஊரில் காதுகுத்து, அது எங்களுக்குக் கல்யாணம் மாதிரி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மேடத்துக்கு ரசிக்கத் தெரிந்தது. போன வருடம் ஒருவர் தன் மகனின் பூணூலுக்கு ஒரு வாரம் எடுத்தார், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே காலண்டரை எடுத்தார்.

"யாருக்கு விசேஷம்? உங்கள் குழந்தைக்கா?"

"அக்கா பெண்ணுக்கு" என்றேன்.

திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. மேடம் ஒவ்வொரு தாளாகத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்படியென்றால் சனி ஞாயிறோடு சேர்த்து இரண்டு நாள் போதும், இல்லையா?"

போதும் மேடம் என்றேன்.